ஈரக்கை அண்ணாச்சியும் எங்கள் வீட்டுப் பிளக்குகளும்

தென்காசியில் சாவதற்கு ஆயிரம் வழி இருக்கிறது. லாரி இருக்கிறது, சர்க்கரை இருக்கிறது, சீசன் நேரத்தில் அருவிப் பாறையில் பாசி இருக்கிறது. ஆனால் ஈரக்கை அண்ணாச்சி வயரிங் செய்த வீட்டில் கரண்டு அடித்து மட்டும் ஒருத்தரும் செத்துவிட முடியாது. அவர் விடமாட்டார். அப்படிச் சாகவேண்டும் என்று யாருக்காவது ஆசை இருந்தால் வேறு எலக்ட்ரீசியனைத்தான் பார்க்க வேண்டும். நான் அப்படி வேறு ஒரு ஆளைப் பார்த்தேன். அந்த வெட்கக்கேட்டையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன்.

நாங்கள் வீடு கட்டிக்கொண்டிருந்த சமயம். வீட்டுக்காரர் ராணுவத்தில், வடக்கே எங்கேயோ பனியில் நிற்கிறார். வாரத்துக்கு ஒருமுறை வீடியோ காலில் சுவரைப் பார்த்து "சூப்பர்" என்பதோடு அவர் பங்கு முடிந்தது. இங்கே செங்கல், சிமெண்டு, மேஸ்திரி, சண்டை எல்லாம் என் தலையில். துணைக்கு மாமனார். போலீசில் ஏட்டாக இருந்து ஓய்வு பெற்றவர், தெருவுக்கே ஏட்டையா. வாழ்நாள் முழுக்க அடுத்தவர்களைக் கேள்வி கேட்டே பழகியவர், தன்னை யாராவது கேள்வி கேட்டால் அவருக்குக் காது கேட்காது.

வயரிங்குக்கு என்று மேஸ்திரி ஒருவரை அனுப்பினார். ஐம்பத்தைந்து அறுபது வயது இருக்கும். தோளில் நன்றாகக் காய்ந்த ஒரு துண்டு, சட்டைப் பையில் டெஸ்டர். வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டே சொன்னார்: "வணக்கம் தாயி. எம் பொண்டாட்டியக் கொன்னவன் நாந்தான். வயரிங் வேலைன்னு மேஸ்திரி சொன்னாரு. பிளக்கெல்லாம் எங்கெங்கன வேணும்?"

நாற்காலியில் சாய்ந்திருந்த ஏட்டையா சட்டென்று நிமிர்ந்தார். ரத்தத்தில் ஊறிய உத்தியோகம் சும்மா இருக்குமா? "எந்த ஸ்டேஷன் லிமிட்டு?" என்றார்.

ஸ்டேஷனும் இல்லை, கேசும் இல்லை என்று அண்ணாச்சி ஒரே மூச்சில் விளக்கினார். சொந்த வீட்டில் அவர் கையாலேயே செய்த வயரிங். கிரைண்டருக்குப் பிளக் எங்கே வேண்டும் என்று மனைவியைக் கேட்டிருக்கிறார். பாத்திரம் கழுவும் தொட்டிக்குப் பக்கத்தில், கைக்கு எட்டுகிற மாதிரி இருந்தால் நல்லது என்று அந்த அம்மா சொல்லியிருக்கிறார். "ஆசையாக் கேட்டா. நானும் ஆசையா வச்சுக் குடுத்தேன். மூணாவது மாசம், மாவு வழிச்ச கையோட சுவிட்சத் தொட்டா. அம்புட்டுதான்." இதைச் சொல்லிவிட்டு டேப்பை இழுத்துச் சுவரை அளக்க ஆரம்பித்துவிட்டார். ஏட்டையா எழுந்து தன் நாற்காலியை அவருக்கு நகர்த்திப் போட்டார். அவர் யாருக்கும் நாற்காலி போட்டு நான் பார்த்ததில்லை.

இந்த முதல் வாக்கியத்தாலேயே அவருக்குப் பாதி வேலை போய்விடும் என்று பிறகு தெரிந்தது. புது வீட்டு வேலை தொடங்குகிற நேரத்தில் வாசலில் நின்று எழவுக் கதை சொன்னால் யார் விடுவார்கள்? வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கக்கூடாதா அண்ணாச்சி என்று ஒருநாள் கேட்டேன். அதைக் கேட்ட பிறகும் வேலை கொடுக்கிறவன்தான் பிளக் விஷயத்தில் தன் பேச்சைக் கேட்பான், மற்றவனுக்கு வேலை பார்த்துப் பிரயோஜனம் இல்லை என்றார்.

அவர் வேலை செய்கிற விதம் இருக்கிறதே, அதைப் பார்க்க எங்கள் தெருவே கூடியது. முதல் நாள் அவர் வயரையே தொடவில்லை. ஒரு வாளித் தண்ணீரைக் கொண்டுவந்து வைத்து, என்னையும் ஏட்டையாவையும் கையை நனைத்துக்கொள்ளச் சொன்னார். இனி இந்த வீட்டில் எப்படி நடமாடுவீர்களோ அப்படியே நடமாடுங்கள், எங்கே சுவரைப் பிடிப்பீர்களோ அங்கே பிடியுங்கள் என்றார். அடுப்பு இல்லாத அடுப்படியில் நான் இல்லாத தோசையைத் திருப்பினேன். ஏட்டையா இல்லாத கண்ணாடி முன்னால் நின்று இல்லாத சோப்பைத் தேடினார். பூசின சுவரெல்லாம் எங்கள் ஈரக்கை பதிந்தது. அது காய்வதற்குள் அண்ணாச்சி ஒவ்வொரு தடத்தையும் சுற்றிச் சாக்பீசால் வட்டம் போட்டார். வட்டம் விழுந்த இடத்திலும், அதிலிருந்து அவர் கை அளவில் இரண்டு முழத்துக்குள்ளும் பிளக் கிடையாது. எந்த இடத்தைக் காட்டினாலும் "ஈரக்கையோட இங்கன யாரு வருவா?" என்று இழுத்துக் கேட்பார்; ஊர் அவருக்கு அந்தப் பேரை வைத்ததே அதனால்தான். தெருவிலிருந்து எட்டிப் பார்த்தவர்கள், புதுமனை புகுவிழாவுக்கு முன்னாலேயே வீட்டுக்குப் பேய் வந்துவிட்டது என்று பேசிக்கொண்டார்கள்.

மறுநாள் இன்னும் மோசம். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மண்டிபோட்டு வீடு முழுக்கத் தவழ்ந்தார். அந்த உடம்பை வைத்துக்கொண்டு தவழ்வது சாமானிய காரியம் இல்லை. "வீட்டுல பிள்ள இல்லையேன்னு சொல்லாத தாயி. நாளைக்கு வரும். வந்த பிள்ள கேட்டுட்டா வெரல வைக்கும்?" என்று கேட்டுவிட்டு, மூச்சு வாங்க மூலைக்கு மூலை ஊர்ந்தார். கீழ்ப்பக்கம் ஒரு பிளக் கூட வைக்கவில்லை. வைத்தே ஆகவேண்டிய இடத்தில் மூடி போட்டதாக வைத்தார். குளியலறை ஹீட்டருக்குச் சுவிட்ச் கதவுக்கு வெளியே, பிளக் கூரைக்குப் பக்கத்தில். அடுப்புக்கும் தொட்டிக்கும் மேலே ஒன்றுமே இல்லை. அக்னி மூலையில் பிளக் வந்தே ஆகவேண்டும் என்று வாஸ்துக்காரர் வந்து சொன்னபோது, அந்த மூலையில்தான் குழாய் இருக்கிறது, குழாயை வேறு மூலைக்குக் கொண்டுபோய்விட்டு வந்து அக்னி பேசுங்கள் என்று அனுப்பிவிட்டார்.

அவரிடம் ஒரு வார்த்தை மட்டும் சொல்லிவிடக் கூடாது. கைக்கெட்டினது வாய்க்கெட்டவில்லை என்று ஊர் உலகம் அழும். அவருக்குக் கைக்கு எட்டுவதே ஆகாது. 'கைக்கு எட்டுகிற மாதிரி' என்று யாராவது வாய் தவறிச் சொல்லிவிட்டால் முகம் கறுத்துவிடும். கட்டில் தலைமாட்டில் போன் சார்ஜருக்கு ஒரு பிளக் வேண்டும் என்று நான் கேட்டேன். "போனு சார்ஜ் ஏறுதுன்னா ஏறிட்டுப் போட்டும். நீ ஏன் தாயி கூடவே படுக்கணும்?" என்றார். இன்றைக்கும் நான் போனைச் சார்ஜ் போட அறையின் அந்தக் கோடிக்கு எழுந்து நடக்கிறேன். முன்பெல்லாம் எழுந்து நடக்கும்போது அவரைத் திட்டுவேன். இப்போது திட்டுவதில்லை.

அண்ணாச்சி பீடி குடிக்கமாட்டார். ஆனால் சட்டைப் பையில் எப்போதும் ஒரு பிடி தீக்குச்சி இருக்கும், எல்லாம் பற்ற வைக்காத குச்சிகள். குற்றாலத்தில் சீசன் வந்துவிட்டால் லாட்ஜ் லாட்ஜாக, காட்டேஜ் காட்டேஜாக ஏறி இறங்குவார். தண்ணீர் கொதிக்க வைக்கிற கம்பியில் பிளக் உடைந்து போயிருக்கும். வெறும் வயரைத் துளையில் சொருகி, கழன்றுவிடாமல் இருக்க இரண்டு தீக்குச்சியையும் சொருகி வைத்திருப்பார்கள். நம் ஊரில் இந்த வித்தை தெரியாதவர் யார்? அண்ணாச்சி குச்சியைப் பிடுங்கிப் பையில் போட்டுக்கொண்டு நேராக மேனேஜரிடம் போவார். கூப்பிடாமல் வந்தவர் சொல்வதை யார் கேட்பது? முக்கால்வாசி இடத்தில் கழுத்தைப் பிடித்துத் தள்ளியிருக்கிறார்கள். "தள்ளுனா என்ன தாயி, குச்சி எங்கிட்டதான இருக்கு" என்பார்.

கீழப்பாவூர்ப் பக்கம் ஒரு கல்யாணத்தில் அடியே வாங்கினார். மண்டப வாசலில் கட்டியிருந்த வாழைமரத்தில் சீரியல் லைட் வயரைச் சுற்றியிருந்தார்கள். வாழைத்தண்டு முழுக்கத் தண்ணீர்தானே. பந்திக்குக் கை கழுவிவிட்டு வருகிற கூட்டம் அதைத் தொட்டுக்கொண்டேதான் நுழைகிறது. அண்ணாச்சி இரண்டு பேரிடம் சொல்லிப் பார்த்தார். அப்புறம் போய் மெயினை அணைத்துவிட்டார். சரியாகத் தாலி கட்டுகிற நேரம். மைக் நின்றது, ஃபேன் நின்றது, வீடியோக்காரர் அலறினார். பெண்ணின் பெரியப்பா ஓடிவந்து விட்ட அறையில் அண்ணாச்சியின் ஒரு பல் ஆடிப்போனது. அவர் வாயைத் துடைத்துக்கொண்டு, வயரை அவிழ்த்து வேறு பக்கம் கட்டிவிட்டு, மெயினைப் போட்டுவிட்டுச் சாப்பிடாமல் வந்துவிட்டார். மொய் எழுதிவிட்டுத்தான் வந்தார் என்பதையும் சொல்ல வேண்டும்.

இனி என் கதைக்கு வருகிறேன்.

ஏட்டையாவுக்கு ஒரு வழக்கம். சாரல் விழ ஆரம்பித்துவிட்டால் தினமும் விடிந்ததும் மொபெட்டை எடுத்துக்கொண்டு குற்றாலம் போய்க் குளித்துவிட்டு, சொட்டச் சொட்ட ஈர வேட்டியோடு வீடு திரும்புவார். பின்வாசல் குழாயடியில் நின்றபடியே போனைச் சார்ஜ் போட வேண்டும், தாடியை டிரிம்மரால் வழிக்க வேண்டும். அங்கே பிளக் இல்லை. அண்ணாச்சி வைக்கமாட்டேன் என்று சொல்லிவிட்டார். குடி வந்த நாளிலிருந்து இதே பேச்சு. ஈரத்தோடு வீட்டுக்குள் வரவா, தரையெல்லாம் நனையவா, என் சொந்த வீட்டில் எனக்கு ஒரு பிளக்குக்கு வக்கில்லையா என்று காலையில் தொடங்கினால் மத்தியானம் வரை நிற்காது. என் காது புளித்துப் போய்விட்டது. அண்ணாச்சிக்குத் தெரியாமல் வேறு ஒரு ஆளைக் கூப்பிட்டு, குழாய்க்குப் பக்கத்துச் சுவரில் அழகாக ஒரு பிளக் வைக்கச் சொன்னேன். கைக்கு எட்டுகிற மாதிரி.

வீட்டில் நிம்மதி வந்தது. ஆனால் சாரல் அடித்தால் மொத்த வீட்டுக்கும் கரண்டு போய்விடும். அண்ணாச்சி மாட்டியிருந்த ட்ரிப்பர், கரண்டு எங்காவது கசிந்தால் தானாக அணைகிற பெட்டி, அடிக்கடி விழுந்தது. நான் மறுபடி அதே ஆளைக் கூப்பிட்டேன். அவர் பார்த்துவிட்டு, பெட்டிதான் தொந்தரவு என்று சொல்லி, பின்வாசல் பிளக்கை மட்டும் பெட்டியில் சேராமல் நேராக இழுத்துக் கொடுத்தார். அதன் பிறகு பெட்டி விழவில்லை. எத்தனை கெட்டிக்காரர் என்று நான் அவரை மெச்சினேன். பெட்டி வாய்விட்டுக் கத்தியிருக்கிறது. நாங்கள் அதன் வாயைக் கட்டியிருக்கிறோம்.

அதே வாரம் ஏட்டையாவுக்கு நரம்புக் கோளாறு வந்தது. காலை நேரத்தில் வலது கை 'சுர்' என்று இழுக்கிறது என்றார். செங்கோட்டைப் பக்கம் ஒரு வைத்தியரிடம் போனார். அவர் நாடி பிடித்துப் பார்த்து, வாதம் இறங்கியிருக்கிறது என்று ஒரு பாட்டில் தைலம் கொடுத்தார். ஏட்டையா தோள்பட்டையிலிருந்து விரல் வரை தேய்ப்பார். தேய்த்துவிட்டுப் போய்ப் போனைச் சார்ஜ் போடுவார். மறுபடி 'சுர்' என்னும். தைலம் போதவில்லை என்று இன்னும் கொஞ்சம் தேய்ப்பார். வீடே தைல வாடை. இரண்டாவது பாட்டிலும் வந்துவிட்டது.

அண்ணாச்சிக்கும் ஒரு வழக்கம் உண்டு. சாரல் தொடங்கினால், தான் வயரிங் செய்த வீடுகளை எல்லாம் ஒரு சுற்று பார்ப்பார். யாரும் கூப்பிட வேண்டியதில்லை. அன்றைக்குக் காலையில் வந்தவர் பின்வாசலுக்குப் போய், அந்தப் பிளக்கைப் பார்த்தபடி நின்றுவிட்டார். திட்டுவார் என்று தயாராக இருந்தேன். அவர் பலகையைச் சுற்றிப் படிந்திருந்த கை அழுக்கையே பார்த்துக்கொண்டிருந்தார். எந்த வீட்டிலும் சுவிட்சைச் சுற்றி ஒரு கறை இருக்குமே, அதுதான்.

"யாரு வச்சா?" என்றார்.

பொய் சொல்ல வாய் வந்தது. சொல்லவில்லை. "நாந்தான் வைக்கச் சொன்னேன் அண்ணாச்சி."

"மாமனார் மேல அம்புட்டுக் கோவமா தாயி?"

நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. டெஸ்டரை எடுத்தார். அந்த நேரம் பார்த்து மொபெட் வந்து நின்றது. தலையில் ஈரத் துண்டு, உடம்பெல்லாம் தண்ணீர், கையில் போன். ஏட்டையா நேராகக் குழாயடிக்கு வந்து பிளக்கை நோக்கிக் கையை நீட்டினார். அண்ணாச்சி இரண்டுக்கும் நடுவில் போய் நின்றுகொண்டார். நகரச் சொன்னார் இவர். நகரவில்லை அவர். ஏட்டையாவை இதுவரை ஒருத்தரும் மறித்ததில்லை. கோபத்தில் சொல்லக்கூடாததைச் சொல்லிவிட்டார்.

"ஏலே, பொண்டாட்டியக் கொன்னவன் நீ. நீ எனக்குப் புத்தி சொல்லுதியா?"

எனக்கு அந்த இடத்திலேயே பூமி பிளந்தால் தேவலை என்றிருந்தது. அண்ணாச்சி தோளிலிருந்த காய்ந்த துண்டை எடுத்து, ஏட்டையாவின் வலது கையைப் பிடித்து விரல் விரலாகத் துடைத்தார். "ஆமா ஏட்டையா. கொன்னவனுக்குத்தான தெரியும்" என்றார்.

பிறகு டெஸ்டரைப் பலகையின் திருகாணியில் வைத்தார். பல்பு எரிந்தது. சாரலில் சுவர் ஊறியிருக்கிறது, எர்த் வயரை அந்தக் கெட்டிக்காரர் இணைக்கவே இல்லை. திருகாணி முழுக்கக் கரண்டு. நான் மெதுவாகத் தைலக் கதையைச் சொன்னேன். அண்ணாச்சி ஏட்டையாவிடம் கேட்டதெல்லாம் ஒன்றுதான்: அந்தச் 'சுர்' இந்தச் சுவருக்குப் பக்கத்தில் மட்டும்தான் வருகிறதா, தெருவில் நடக்கும்போது வருகிறதா என்று. ஏட்டையா வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் உட்கார்ந்துவிட்டார். ரப்பர் செருப்புப் போட்டிருந்ததால் இத்தனை நாள் பிழைத்தீர்கள், என்றைக்காவது அதைக் கழற்றிவிட்டு நின்றிருந்தால் அன்றைக்கே முடிந்தது என்றார் அண்ணாச்சி. மெயினை அணைத்துவிட்டு, பிளக்கைப் பிடுங்கி, துளையைச் சிமெண்டு வைத்து அவரே பூசி மூடினார்.

ஏட்டையா மன்னிப்பும் கேட்கவில்லை, நன்றியும் சொல்லவில்லை. தைலம் வேலை செய்துவிட்டது, நரம்பு சரியாகிவிட்டது என்றுதான் தெருவில் சொன்னார். ஆனால் அதற்குப் பிறகு குற்றாலம் போகும்போது இரண்டு துண்டு எடுத்துக்கொண்டார். ஒன்று குளிக்க. இன்னொன்று பாலித்தீன் பையில் சுற்றி, கை துடைக்க.

போன வருடம் சாரல் நன்றாக விழுந்துகொண்டிருந்த ஒரு நாள், அண்ணாச்சி இறந்துவிட்டார் என்று செய்தி வந்தது. குற்றாலம் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தபடியே போய்விட்டாராம். கேட்டவர்கள் எல்லாரும் முதலில் கேட்டது கரண்டா என்றுதான். இல்லை, நெஞ்சுவலி. சட்டைப் பையில் தீக்குச்சி இருந்ததாம். தெருமுனையில் ஒட்டியிருந்த கண்ணீர் அஞ்சலி போஸ்டரில் போட்டிருந்த பெயரைப் படித்துவிட்டு, இது யார் என்று நானே ஒரு நிமிடம் யோசித்தேன்.

நானும் ஏட்டையாவும் போனோம். வாசலில் பந்தல், பந்தலுக்கு மேலே சாரல். ஐஸ் பெட்டிக்குள் அண்ணாச்சி. அவர் வீட்டில் எல்லாப் பிளக்கும் தலைக்கு மேலே ஆறடி உயரத்தில்தான் இருக்கும். பெட்டியின் வயர் எட்டவில்லை. பெட்டி கொண்டு வந்தவர்கள் எங்கிருந்தோ ஓர் எக்ஸ்டென்ஷன் பாக்ஸை இழுத்து ஈரத் தரையில் போட்டிருந்தார்கள். பெட்டியின் பிளக் வேறு உடைந்திருந்தது. வெறும் வயர், துளைக்குள் இரண்டு தீக்குச்சி.

நான் அதைப் பார்ப்பதற்குள் அவருடைய தங்கை ஊரிலிருந்து வந்து இறங்கிவிட்டார். மழையில் நனைந்த உடம்போடு, இரண்டு கையையும் விரித்துக்கொண்டு, அண்ணா என்று கதறியபடி பெட்டியின் மேல் விழ ஓடி வந்தார்.

"ஏட்டி, நில்லு!"

பழைய போலீஸ் குரல். அந்த அம்மா மட்டும் இல்லை, பந்தலே நின்றுவிட்டது. ஏட்டையா மெயினை அணைத்தார். குனிந்து தீக்குச்சிகளைப் பிடுங்கித் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். பிறகு பெட்டிக்காரர்களைப் பார்த்து, "ஈரக்கையோட இங்கன யாரு வருவான்னு பாத்தியளா?" என்று கேட்டார். அண்ணாச்சியின் கேள்வி, அதே இழுவை.

கூட்டம் முணுமுணுத்தது. பெட்டியை அணைத்து வைத்தால் உடம்பு என்னவாகும் என்று ஒரு பெரியவர் சொன்னார். "செத்தவனுக்கு அவசரம் இல்ல. அவன் பொறுத்துக்கிடுவான்" என்றார் ஏட்டையா. நான் ஸ்கூட்டரில் போய் மூன்று முள் பிளக் வாங்கி வந்தேன். அதை மாட்டுகிற வரை ஏட்டையா பெட்டிக்காரரின் தலைக்கு மேலே நின்று, எர்த் வயர் எங்கே, எர்த் வயர் எங்கே என்று விசாரணை நடத்திக்கொண்டிருந்தார். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் கூடவே கூடாது என்றுவிட்டார். அப்படியானால் வயர் எப்படி எட்டும்? டீக்கடையிலிருந்து இரண்டு பெஞ்சு வந்தது. பெஞ்சு மேல் பெஞ்சு போட்டு, பெட்டியை அதன் மேல் தூக்கிவைத்து, அண்ணாச்சி வைத்த ஆறடிப் பிளக்கிலேயே சொருகினார்கள். எக்கி நின்றால்தான் முகம் தெரியும். இப்படிப்பட்ட சாவு வீட்டை ஊரில் யாரும் பார்த்திருக்கமாட்டார்கள்.

ஏட்டையா தன் தோளிலிருந்த காய்ந்த துண்டை எடுத்து அந்தத் தங்கையிடம் நீட்டினார். "இப்போ அழு தாயி. கையத் தொடச்சிட்டு அழு."

அந்த அம்மா துடைத்துக்கொண்டு போய் அழுதார். அவருக்குப் பின்னால் வந்த ஒவ்வொருவரும் அதே துண்டில் கையைத் துடைத்துக்கொண்டுதான் போனார்கள். ஏட்டையா பிளக்குக்குப் பக்கத்திலேயே, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, எடுக்கிற வரை நின்றார். கண் மட்டும் நனைந்திருந்தது. அதை அவர் துடைக்கவில்லை.

என் முறை வந்தபோது துண்டு முழுக்க நனைந்து போயிருந்தது. சேலைத் தலைப்பில் இரண்டு கையையும் துடைத்தேன். எக்கிப் பார்த்தேன். கண்ணாடியைத் தொடப்போனவள், இன்னும் ஈரம் போகவில்லையோ என்று தோன்றி, இன்னொரு முறை துடைத்துக்கொண்டேன்.